டப்பிங்கில் போன வார்த்தை

இராயபுரத்தில் எனக்கு மூன்று பெயர்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர். டீக்கடையில் தொரை. என் மனைவியின் அண்ணனுக்கு மட்டும் சார். வெள்ளைக்காரர் என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. தொரை என்பதில் பாதி கிண்டல்தான், பதிலுக்கு நானும் கிண்டல் செய்துவிடுவேன். ஆனால் அந்தச் சார் இருக்கிறதே, அதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

தங்கையைக் கட்டியவனை இங்கே மாப்ள என்பார்கள். வா மாப்ள, துன்னியா மாப்ள, இன்னா மாப்ள ஆளையே காணோம். என் மனைவியின் சித்தப்பா மகளைக் கட்டியவர் ஒருவர் இருக்கிறார். மாதத்தில் பாதி நாள் வேலைக்குப் போகமாட்டார், மீதிப் பாதி வீட்டுக்கு வரமாட்டார். என் மச்சான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. அப்படித் திட்டும்போதும் மாப்ள என்றுதான் திட்டுவார். நானோ ஒழுங்காக வேலைக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறேன், சங்கரா மீனை முள்ளோடு கையால் சாப்பிடுகிறேன். இத்தனை செய்தும் எனக்கு, வாங்க சார், உட்காருங்க சார். நான் அவரை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்டால் அதற்குப் பதிலும் சொல்லுங்க சார்.

என் மொழியில் கடவுள் முதல் நாய்க்குட்டி வரை எல்லோருக்கும் ஒரே ‘யூ’தான். அதனால் இந்த ‘ங்க’ என்ற எழுத்துகள் எத்தனை உயரமான காம்பவுண்டு சுவர் என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. புரிந்த பிறகு ஏறிக் குதிக்க வழி தெரியவில்லை.

நான் அமெரிக்காவில் ஒரு பெரிய ஏரிக்கரை ஊரில் பிறந்தவன். உருக்காலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சரக்குக் கப்பல்கள், இருமுகிற கிழவர்கள், இவைதான் எங்கள் ஊர். என் நாட்டுக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தால் மலையடிவாரத்தில் தியானம் செய்து மனஅமைதி அடைவார்கள். நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் போனபோது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து ஒரு நாற்றம் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால்தான் என்று ஆட்டோக்காரர் நினைத்தார். அப்படியே எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வாசனை அது. ஊரை விட்டு உலகத்தின் மறுபக்கம் ஓடிவந்தவனை ஊர் திருவொற்றியூரில் வந்து காத்திருந்து பிடித்துக்கொண்டது.

கப்பலில் வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்துக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தேன். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவளைத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் எக்ஸ்பேட் என்று பெயர். இங்கிருந்து ஒருவர் பிழைக்க அங்கே போனால் அவர் வந்தேறி. அங்கிருந்து ஒருவன் பிழைக்க இங்கே வந்தால் அவன் எக்ஸ்பேட். வேலை ஒன்றுதான், சட்டைதான் வேறு.

அந்த சார் எதற்காக என்று ஒருமுறை மனைவியை விட்டு அவள் அண்ணனிடம் கேட்கச் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தொழிற்சங்கத்திலும் ஆள். பதிலைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். கப்பலில் வருகிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தில் சார்தான், ஏனென்றால் அவர்கள் எல்லோரும் திரும்பிப் போகிறவர்கள். மாப்ள என்று கூப்பிட்டு, அந்த ஆள் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், கூப்பிட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வருத்தமாகவும் இருந்தது. ஏனென்றால் நான் போகமாட்டேன் என்பதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. போகாமல் இருப்பதைத் தவிர.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை அரசியல் வேறு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மச்சான் ஆரம்பிப்பார். உங்க ஆளு நேத்து இன்னா சொன்னாரு பாத்தீங்களா சார் என்பார். உங்க ஆளு என்றால் அமெரிக்க ஜனாதிபதி, அது எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. எங்கேயோ குண்டு விழுந்தால் நான் குழம்பில் கை வைக்க யோசிக்க வேண்டியிருக்கும். அமெரிக்கா நம்ம ஊர் இறாலுக்கு வரி போட்டபோது, சரக்குக் குறைந்து தன் ஓவர்டைம் போனதைப் பற்றி என் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். தட்டில் அன்று இறால் இருந்தது. நான் அந்த ஆளுக்கு ஓட்டுப் போடவில்லை என்று சொன்னேன். அப்போ யாருக்குத்தான் போட்டீங்க என்றார். தபாலில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு ஜனநாயகமே மானம் இழந்தது.

நான் அமெரிக்கன் என்பதால் சினிமாவில் பறக்கிற மனிதர்கள் எல்லோரையும் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது என் மாணவர்களின் நம்பிக்கை. யார் எந்தக் கிரகத்திலிருந்து வந்தார், எந்தப் பாகத்தில் செத்தார், எப்படி மறுபடி பிழைத்தார் என்று அவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன். சினிமாவுக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு என்று இருந்தபோதுதான் ஒரு நாள் டீக்கடையில் ஓர் உதவி இயக்குநர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. சுதந்திரத்துக்கு முந்தைய கதை. தொழிலாளிகளைக் கொடுமைப்படுத்தும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வேண்டும். நான் அமெரிக்கன், எங்கள் ஆட்களும் பிரிட்டிஷ்காரர்களோடு சண்டை போட்டுத்தான் சுதந்திரம் வாங்கினார்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கலர் ஒன்றுதானே சார் என்றார்.

படப்பிடிப்புக்குப் போனால், மூட்டை தூக்கும் தொழிலாளிகளின் வரிசையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு என் மச்சான் நிற்கிறார். நிஜமான துறைமுகத் தொழிலாளிகள்தான் வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். கூட்டாளி ஒருவர் கூப்பிட்டார், மதியம் பிரியாணி என்றும் சொன்னார், அதனால் வந்துவிட்டார். ஏசி கேபினில் உட்கார்ந்து லீவரைத் தள்ளுகிறவர், வாழ்நாளில் ஒரு மூட்டையும் தூக்கியதில்லை. என்னைச் சிவப்புக் கோட்டில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நாள் தான் சொல்லிவந்ததைக் கடைசியில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது போல.

முதல் சிக்கல் என் தமிழ். மூட்டையோடு நிற்கிறவனைப் பார்த்து அதட்ட வேண்டும் என்றார்கள். அதட்டினேன்.

“இன்னாடா, வேல செய்யாம நின்னுகினு கீற?”

கிடங்கு முழுக்கச் சிரிப்பு. லைட் பிடித்தவர்கூட லைட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். இயக்குநர் எழுந்து வந்து, பக்கத்தில் குனிந்து, மரியாதையாகச் சொன்னார்.

“சார், நீங்க வெள்ளைக்காரன் மாதிரி பேசணும்.”

நான் பிறந்ததிலிருந்தே வெள்ளைக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றார். நான் உன்னை உத்தைப்பான், நீ வேல செய்ய மாட்டான் என்று பேசினால்தான் நம்புவார்களாம். நானும் முயன்றேன். வருடக்கணக்காகப் பாடுபட்டு விட்ட தப்புகள் கூப்பிட்டால் திரும்பி வருமா? கடைசியில், வாயை மட்டும் அசையுங்கள், டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. மூட்டையோடு விழுந்த தொழிலாளியை அதிகாரி உதைக்க வேண்டும். அந்தத் தொழிலாளி என் மச்சான். அவருடைய முகவெட்டுதான் கேமராவுக்கு எடுப்பாக இருக்கிறதாம். காகிதத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அளவுக்கு நான் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன். மனைவியின் அண்ணனைக் காலால் உதைப்பதாவது. அதுவும் பூட்ஸ் காலால். அதைவிடப் பெரிய பயம், இன்று உதைத்தால் சாகும்வரை சார்தான் என்பது.

காலைத் தூக்கினேன். அந்தரத்தில் நின்றுவிட்டது. கட் என்றார்கள். மறுபடி தூக்கினேன். இந்த முறை அவரைத் தொடாமல் மூட்டையைத் தடவிவிட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து, மூட்டையைத் தூக்கி, கிடங்கு வாசலில் வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் முட்டி இடிக்க மறுபடி விழ வேண்டும். இயக்குநர் குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கு வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு முறை விழுந்தார். கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூட்டைக்கு அடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“ஒதை மாப்ள. முட்டி பேந்துடுச்சு.”

உதைத்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் யாரையும் உதைத்ததில்லை. இனியும் உதைக்கப்போவதில்லை. ‘ங்க’ இல்லை, சார் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை, கடைசியில் பூட்ஸ் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தில் தெரிந்த அந்தக் குரூரமான சிரிப்பைப் போல ஒரு சிரிப்பைத் தான் எந்த நடிகரிடமும் பார்த்ததில்லை என்றார்.

மதியம் பிரியாணி இலைக்கு ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது தொடர்ந்து வரும் என்று ஆசை. அவர் முட்டியைத் தடவிக்கொண்டே, தன் இலையிலிருந்து ஒரு கோழிக்காலை எடுத்து என் இலையில் வைத்தார். இன்னிக்கு உங்க கால்தான் வேல செஞ்சுது, லெக் பீஸ் நீங்களே துன்னுங்க சார் என்றார். சுவர் மறுபடி எழும்பிவிட்டது. அந்த மாப்ள நிஜமாகவே என் காதில் விழுந்ததா, அல்லது வெயிலில் எனக்கு அப்படிக் கேட்டதா என்று அன்று சாயங்காலமே சந்தேகம் வந்துவிட்டது. வெட்கத்தில் மனைவியிடமும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துப் படம் வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் மச்சான் குடும்பமும் நாங்களும் போய் உட்கார்ந்தோம். என் மனைவிக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். திரையில் நான் வந்ததும் தியேட்டரே கத்தித் தீர்த்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். நான் உன்னை உத்தைப்பான் என்று யாரோ ஒரு தமிழர், வெள்ளைக்காரனாக உயிரைக் கொடுத்துப் பேசியிருந்தார். என்னைவிட நன்றாகவே வெள்ளைக்காரனாக இருந்தார்.

பிறகு மச்சானின் முகம் திரை முழுவதும் வந்தது. ஐயோ துரை, அடிக்காதீங்க துரை என்று ஒரு கெஞ்சுகிற குரல் கேட்டது. ஆனால் உதடுகள் அதைப் பேசவில்லை. இது என் தொழில். எந்த எழுத்துக்கு உதடு மூடும், எதற்கு மூடாது என்பதைத்தான் நான் தினமும் சொல்லித் தருகிறேன். அந்தக் கெஞ்சலில் எந்த எழுத்துக்கும் உதடு ஒட்டவே வேண்டாம். திரையில் அந்த உதடுகள் மூடித் திறந்தன, மறுபடி அழுத்தமாக மூடித் திறந்தன. ம. ப். மாப்ள. நான் கனவு காணவில்லை. அந்த வார்த்தை தியேட்டர் தியேட்டராக ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் யாருக்கும் கேட்காது.

என் மனைவியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“இன்னாண்ணே, வாய் வேற இன்னாமோ சொல்லுது?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாப்கார்னை மென்றுகொண்டே பதில் சொன்னார்.

“எனக்கு இன்னா தெரியும்? சாரைக் கேளு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதைப் பிடித்துக்கொள்வாள், அவர் மறுப்பார், வீடு வரைக்கும் சண்டை நடக்கும், அந்த வார்த்தை நசுங்கிப் போகும். துரை என்றுதான் சொன்னார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளுடைய மடிக்கு மேலாக மச்சானின் கை நீண்டு, பாப்கார்ன் டப்பாவை என் கையில் திணித்தது. அதில் பாதி மிச்சம் இருந்தது.