அக்காவின் ஊரில் ஒரே ஒரு கடை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நான் பயந்த கதை தெரிந்தால் யாரெல்லாம் என்னை ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் அவர்களை ஓட்டியவன் நான்தானே.

அக்கா இங்கே மலேசியாவில், கிள்ளானில் நர்ஸாக இருந்தாள். போன வருடம் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்து முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு சர்ச், ஒரு பப், தபால் நிலையத்தையும் உள்ளேயே வைத்திருக்கும் ஒரு மளிகைக்கடை. கிளினிக் வாரத்துக்கு இரண்டு நாள். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"அது ஊரா, பஸ் ஸ்டாப்பா?" என்று சீண்டுவேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கிள்ளானில் மூச்சு வாங்கினால் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஐந்தே நிமிடத்தில் கிளினிக்கில் இறக்குவது என் வேலை.

அன்று காலை, அங்கே நள்ளிரவு, அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "இன்ஹேலர் முடியப் போகுதுடா. கிளினிக் நாளான்னிக்குத்தான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

"மமாக் கடைல ஒரு தே தாரிக் டீ அடி, சரியாயிடும். ஓ, அங்க மமாக்கே இல்லையே" என்று எழுதினேன்.

அதற்குப் பதில் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் புடவைக்கடையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி மட்டும் அடித்தது. நான்கு மணியாகிவிட்டது, அங்கே விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். வார்த்தைகளுக்கு நடுவே இழுப்புச் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது.

எதிர் உணவகத்தில் பரிமாறும் நண்பனிடம் ஓடினேன். "அக்கா போன் எடுக்கல மச்சான்."

"போன வாரம் இமிகிரேஷன் ஆபீசர் பேசுறேன்னு போன் பண்ணி அவங்கள அழ வெச்ச. எப்படிடா எடுப்பாங்க?" என்றவன் என் முகத்தைப் பார்த்தான். "அவங்க பக்கத்துல யாருக்காவது போன் அடி லா."

யாருக்கு? அவள் முகவரியை, வேலை செய்யும் இல்லத்தின் பெயரைக்கூட நான் கேட்டதே இல்லை. வீடியோவில் பார்த்த பச்சைக் கதவு மட்டும்தான் தெரியும். இணையத்தில் தேடியபோது அந்த மளிகைக்கடையின் எண் கிடைத்தது. ஒரு பெண்மணி எடுத்தார்.

"ஆன்டி, மை சிஸ்டர் லா. நர்ஸ். கிரீன் டோர். கேன்னாட் பிரீத், ஆன்டி."

முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்மணியை ஆன்டி என்று கூப்பிட்டது அப்புறம்தான் உறைத்தது. முதியோர் இல்லத்து நர்ஸா என்று கேட்டார். பிறகு, கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாயை அசைத்துப் பார்த்தேன்.

போன் அடித்தது. மாடிப்படியில் சுருண்டு கிடந்தவளைத் தன் காரிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார் அந்தப் பெண்மணி. இனி பயமில்லையாம். பின்னால் அக்காவின் குரல், மெலிதாக: "டேய்... அம்மாகிட்ட சொல்லாத."

அவளிடம் சொல்ல எனக்கு ஒரு கிண்டல்கூட கிடைக்கவில்லை. நண்பனுக்கு எழுதினேன்: "அக்கா ஓகே. எனக்குத்தான் காலு நிக்கல."

"சோறு எடுத்து வெச்சிருக்கேன், மெதுவா வா."