மாதப்பன் கூப்பிடும் வரிசை

"காலையில இருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று மாதப்பன் கேட்டால் கோர்ட்டு வராந்தா முழுவதும் கேட்கும். பெயர் கூப்பிட்டே பழகிய தொண்டை. அதற்கு ரகசியம் பேசத் தெரியாது. முன்சீப் வந்து உட்காருவதற்கு முன்பே, வழக்குக்காகக் காத்திருக்கும் வயதானவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்று இதைத்தான் விசாரிப்பார். பதிலை மட்டும் நம்பிவிட மாட்டார். உதட்டைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், பிறகு மண்பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தந்து, காலியாகும் வரை நகர மாட்டார். மாசிக் கடைசியில் தொடங்கி முதல் மழை பிடிக்கிற வரை தினமும் இதுதான்.

மாதப்பன் மைசூர் முன்சீப் கோர்ட்டின் டவாலி, பெயர் கூப்பிடும் சேவகர். ஐம்பது வயது, வாசல்நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். தோளில் சிவப்புப் பட்டை, அதில் மைசூர் அரசின் இருதலைப் பறவையான கண்டபேருண்டம் பொறித்த பித்தளை வில்லை. தமிழ் எல்லையோரத்து ஹனூர்க்காரர். பெயர் கூப்பிடுவது கன்னடத்தில். எதிரே நிற்பவர் தமிழர் என்று தெரிந்தால் ஊர்த் தமிழ் வந்துவிடும்.

"மைசூரு குளுந்த ஊருன்னு சொல்லிச் சொல்லியே கெடுத்துப்போட்டாங்க. மெட்ராசு வெயிலுன்னா எல்லாருக்கும் பயமிருக்குது. இந்த ஊரு வெயிலுக்கு ஒருத்தரும் பயப்படறதில்லீங்க" என்பது அவருடைய குறை.

வயதான பெண்கள் மட்டும் சொம்பை ஏன் தள்ளிவிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு கோடை முழுவதும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கோர்ட்டில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதற்குப் பயந்தே முதல்நாள் இரவிலிருந்து வாயை நனைக்காமல் வருகிறார்கள். மறுநாளே ரிக்கார்டு அறைக்குப் பின்னால் நாலு மூங்கில் நட்டுத் தென்னந்தட்டி கட்டினார். "யாரைக் கேட்டுக் கட்டினே?" என்று தலைமைக் குமாஸ்தா அதட்டினார். "கேட்டிருந்தா கட்டியிருக்க முடியாதுங்களே" என்றார் மாதப்பன். தட்டி இன்னும் நிற்கிறது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் அவர் பல வருஷமாகச் செய்துவந்தார். எந்த வழக்குக்குப் பிறகு எந்த வழக்கு என்பது பட்டியலில் எழுதியிருக்கும். மாதப்பன் வராந்தாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தள்ளாதவர்களின் பெயரை முதலில் கூப்பிட்டுவிடுவார். வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா சித்தையன், கண்டும் காணாதவர்போல் கூப்பிட்ட வழக்கின் கட்டையே முன்சீப்பிடம் நீட்டிவிடுவார்.

காரணத்தை என்னிடம் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். என் பாகப்பிரிவினை வழக்கு அங்கே இரண்டு கோடைகளாக நடக்கிறது, பழக்கமாகிவிட்டோம். "வேலைக்கு வந்த புதுசுங்க. தொட்டையன்னு ஒரு பெரியவரு, பதினேழாவது பேரு. மூணு தடவ கூப்பிட்டேன், ஆளக் காணோம். ஆஜராகலைன்னு வழக்கத் தள்ளிட்டாங்க. அப்புறம் பாத்தா மரத்தடியில கெடக்கறாரு. வெயிலு எப்பவோ நகந்து அவரு மேல வந்திருக்குது. தொட்டா அடுப்புக் கல்லாட்டம் சுட்டுது. உசிரு இல்லீங்க. நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்குமோ என்னமோ."

சென்ற சித்திரையில் பழனாத்தாள் என்ற அம்மாள் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். எழுபதுக்கு மேல். அவள் வயலுக்குப் போகும் தடத்தைப் பக்கத்து நிலத்துக்காரன் அடைத்துவிட்டான். பட்டியலில் பதினாலாவது வழக்கு. மாதப்பன் மூன்றாவதாகக் கூப்பிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்ட் வேறொரு கோர்ட்டில் வேலை முடித்துப் பன்னிரண்டரை மணிக்கு வெயிலில் வேகமாக நடந்து வந்தபோது, பழனாத்தாள் சாட்சியம் சொல்லி முடித்து, அடுத்த ரயிலுக்கே போய்விட்டிருந்தாள்.

குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் போனதில் வக்கீல் கொதித்துப்போனார். முன்சீப் டவாலியை உள்ளே அழைத்து, பட்டியலை மாற்றும் அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் கொடுக்கலீங்க. வயசானவங்கள வெயில் ஏறுறதுக்குள்ள அனுப்பிரலாம்னு நானாத்தான் செஞ்சேன்."

வில்லையைக் கழற்றி வைக்கச் சொல்லப் போகிறார் என்றே எனக்குத் தோன்றியது. வக்கீல் எட்வர்ட் கோபத்தில் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். "எனக்கும்தான் அறுபத்தாறு வயசு! நான் சலுகை கேட்டேனா?" என்றவர், முன்சீப்பைப் பார்த்து வழக்கின் எண்ணைச் சொல்லத் தொடங்கினார். தப்பாகச் சொன்னார். மறுபடியும் தப்பாகச் சொன்னார். கை மேஜையைத் தேடியது. கம்பளிக் கோட்டு கழுத்துவரை பூட்டியிருக்க, முகம் சிவந்து காய்ந்திருந்தது.

"வேர்வையே இல்லீங்க!" என்று கத்திக்கொண்டு மாதப்பன் ஒரே எட்டில் போய்ப் பிடித்துக்கொண்டார். கோர்ட்டில் தலைப்பாகையில்லாமல் நிற்பதே மரியாதைக் குறைவு. அங்கே ஒரு டவாலி வக்கீலின் சரிகைத் தலைப்பாகையைப் பிடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். கோட்டுப் பொத்தான்கள் இரண்டு தெறித்தன. அப்படியே தூக்கிப்போய் வடக்கு வராந்தாவில் கிடத்தினார். பானைத் தண்ணீரைக் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினார். சித்தையனையும் என்னையும் வழக்குக் கட்டுகளால் விசிறச் சொன்னார். நான் தண்ணீரை வாயருகே கொண்டுபோனபோது மாதப்பன் என் கையைத் தட்டிவிட்டார். "இப்ப வேண்டாமுங்க, பொரையேறிடும். மொதல்ல பேரச் சொல்லட்டும்."

"ஐயா, உங்க பேரென்னங்க?" வராந்தா அதிர்ந்தது. பதிலில்லை. மறுபடியும் நீர், மறுபடியும் விசிறல். மூன்றாவது தரம் கேட்டபோது, "எட்வர்ட்... ஏன்யா கத்தறே?" என்று தெளிவாக வந்தது. அதன்பிறகுதான் உப்புப் போட்ட தண்ணீரை மெதுவாகக் குடிக்கவிட்டார். ஜட்காவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் ஆளை ஏவினார்.

முன்சீப் வராந்தாவுக்கே வந்து பார்த்தார். தலைமைக் குமாஸ்தாவிடம் இரண்டு உத்தரவு போட்டார்: கோடை முடியும்வரை அறுபது தாண்டியவர்களின் வழக்குகளைப் பட்டியலின் தலையிலேயே எழுத வேண்டும், கேட்காமல் மாற்றியதற்காக மாதப்பனுக்கு ஒரு மெமோ கொடுக்க வேண்டும். "சரிங்க எசமான்" என்று இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார் மாதப்பன்.

வக்கீல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நரைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. "என் தலைப்பாகை எங்கேப்பா? கொடு, ஜட்காவில் வெறுந்தலையோடவா போறது?"

மாதப்பன் தலைப்பாகையை இடது கையால் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையால் இரண்டாவது சொம்பை நீட்டினார்.