பலகையில் தொங்கிய பெயர்

பிரிட்ஜ்டவுன் வக்கீல் கிட்டன்ஸ் முப்பது வருடம் வாய்தா வாங்கியே வயிறு வளர்த்தவர். வயதான பிறகு பிரிஸ்டலில் இருக்கும் மகளிடம் போய்விடத் துடித்தார். ஆனால் அந்தக் காலத்தில், கடனோ வழக்கோ பாக்கி வைத்து யாரும் ஓடிவிடாதபடி, பார்படோஸ் தீவை விட்டுப் போகிறவர் பெயர் மூன்று வாரம் அரசு அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் பயண அனுமதிச் சீட்டு. அவருடைய கட்சிக்காரி யியர்வுட் அம்மாள் நான்காவது முறையாக ஆட்சேபித்தாள்.

கிட்டன்ஸ் கப்பல் கேப்டன் அலினிடம் போய், சீட்டில்லாமலே ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சினார்.

"சீட்டில்லாம ஒருத்தன ஏத்தினதுக்கு கோர்ட்டுல வாதாடி என் பழைய கப்பலையே புடுங்க வச்சது நீங்கதானய்யா!"

யியர்வுட் அம்மாளும் விடவில்லை. "பதினோரு வருஷமா இழுக்கிற என் வேலி வழக்க முடிச்சுட்டு எங்க வேணா போங்க."

மறுநாளே கிட்டன்ஸ் வேலி வழக்கை முடித்துவிட கோர்ட்டில் வாதாட எழுந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், அவரிடமே தொழில் கற்றவன், நிதானமாக எழுந்து வாய்தா கேட்டான்.