கடைசிச் சில்லு

மாமாவின் பந்தயச் சைக்கிளில் பிறேக் கிடையாது. மிதிப்பதை நடுவில் நிறுத்தவும் முடியாது. சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும். "இவன்ரை சைக்கிளுக்கும் பிறேக் இல்லை, வாய்க்கும் இல்லை" என்பார் அம்மா. மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்து, அம்பிட்டியவில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சட்டைப் பொத்தான்களை ஓடவிட்டு எனக்குப் பந்தயங்களைச் சொல்லித் தந்தார். ஸ்பிரின்ட் என்றால் இரண்டு பேர். முதலில் ஆமைபோல ஊர்வார்கள். முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னே காற்றுக்கு ஒளிந்திருந்து, கடைசியில் பாய வேண்டும். பர்சூட்டில் ஒருவர் மைதானத்தின் இந்தப் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். ஒருவரை ஒருவர் துரத்துவார்கள். மாமாவின் பந்தயம் எலிமினேஷன். ஒவ்வொரு சுற்றிலும் யாருடைய பின்சில்லு கோட்டைக் கடைசியாகக் கடக்கிறதோ, அவர் வெளியே.

"எனக்கு முதுகிலை கண் இல்லை, பிள்ளை. எனக்குப் பின்னாலை ஆள் இல்லாட்டி 'கடைசி' எண்டு கத்து. நான் பாய்ஞ்சிடுவன்."

"தொண்டை கிழியக் கத்துவன், மாமா."

அந்த முறை வென்றால் கொழும்புப் போட்டிக்கு அனுப்புவார்கள். மாமாவுக்கு வேறு பேச்சே இல்லை.

தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டவுனில் எரிந்த கடைகள் சில அப்படியே கிடந்தன. பஸ்ஸில் அம்மா சிங்களத்தில் டிக்கெட் கேட்பார். பிறகு இறங்கும்வரை வாய் திறக்கமாட்டார். எனக்கும் அதே சட்டம்: வெளியில் வாயில் தமிழ் வரக்கூடாது. பந்தயத்துக்கு அது பொருந்தாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஒவ்வொருவராக உதிர்ந்து நாலு பேர் மிஞ்சினார்கள். மாமா உட்பக்கமாகக் குனிந்து, அவசரமில்லாமல் வந்தார். பின்னால் இருந்தவன் வெளிப்பக்கமாக ஏறி முன்னே போய்விட்டதை அவர் காணவில்லை. நான் கண்டேன். வாயைத் திறந்தேன். சத்தம் வெளியே வருமுன் அம்மாவின் கை என் வாயை இறுகப் பொத்தியது. கொடி விழுந்தது. ஒலிபெருக்கியில் மாமாவின் இலக்கத்தை வாசித்தார்கள்.

அம்பிட்டிய ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது மாமா கேட்டார்: "ஏன் பிள்ளை கத்தேல்லை? நித்திரையோ?"

"நான்தான் வாயைப் பொத்தினனான்" என்றார் அம்மா.

"பாத்தியே, சொந்த அக்காவே என்னை விழுத்திப்போட்டா!" மாமா சிரித்தார். "பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்."

அம்மா சிரிக்கவில்லை. "சுத்திவர நிண்டவங்களை நீ பாக்கேல்லை. நான் பாத்தனான்."

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. சில மாதங்களில் மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே குளிரில் இரண்டு வேலை பார்த்தார். பந்தயச் சைக்கிளில் மறுபடி ஏறவே இல்லை.

யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும், கண்டித் தெருவில் நெரிசலுக்கு அந்தப் பக்கமிருந்து என் மகள் "அம்மா, இங்க வாங்கோ" என்று உரக்கக் கூப்பிடும்போது என் கை தானாக எழுகிறது. அவள் முறைக்கிறாள். நானும் அம்மாவை அப்படித்தான் முறைத்தேன். நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பந்தயத்தன்று அம்மா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்திருந்தார். தம்பி வெல்ல வேண்டுமென்று விரதம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அப்படிப் பட்டினி கிடந்தவரும் என் வாயைப் பொத்தியவரும் எப்படி ஒரே ஆளாக இருக்கலாம் என்பதுதான் விளங்கவில்லை.