கேட் குருசாமி அண்ணாச்சியும் கொடைக்கானல் அடுப்பும்

குருசாமி அண்ணாச்சி போயிட்டார். இன்னிக்குக் காலையில, எம். புதுப்பட்டி வீட்ல. மகன் முருகேசன் போன் பண்ணிச் சொன்னான்.

தொண்ணூறைத் தொட்டவர். பெருசா நோய்னு எதுவும் இல்ல...

அறுபதுகள்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே பட்டாசு கம்பெனி. நான் ஷெட்ல, அவர் கேட்ல. உள்ள போற ஒவ்வொருத்தரையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டி இருந்தா பிடுங்கி வச்சுட்டுத்தான் விடுவார். மேனேஜர் சட்டைப்பையையும் தட்டுவார். அந்தக் காக்கிச் சட்டைல அவருக்கு அவ்வளவு பெருமை.

எனக்கு மட்டும் பையை ஒரு தட்டு, "போலே". அவ்வளவுதான். ஒரே ஊர்க்காரன்ல...

ஒரு வருஷம் தீபாவளி லோடெல்லாம் போய் கம்பெனி மூடியிருந்த நேரம், அண்ணாச்சியும் நானும் சேர்த்து நாலு பேர் கொடைக்கானல் கிளம்பினோம். சாரணர் டெண்ட் ஒண்ணு இரவல் வாங்கி, ஏரிக்கரை பார்க்கைத் தாண்டி பைன் மரத்துக்குக் கீழ அடிச்சோம்.

குளிர்னா அப்படி ஒரு குளிர். அண்ணாச்சி தலையில ஒரு துண்டு, அதுக்கு மேல இன்னொரு துண்டு. ஏரியைப் பார்த்துப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியவும் சும்மா போட்டு வச்சிருக்காகளே"ன்னு ஒரே புலம்பல்.

மத்தியானம் சோறு பொங்க மூணு கல்லு வச்சாச்சு. சுத்தி நாலு முழத்துக்குப் பைன் சருகையெல்லாம் அண்ணாச்சி கையாலேயே அள்ளி ஒதுக்கினார். அரிசியும் கழுவியாச்சு. தீப்பெட்டி?

சிவகாசிப் பக்கத்து ஆளுங்க... மத்த மூணு பேர்கிட்டயும் இல்ல! கம்பெனிப் பழக்கம், யாரும் மேல வச்சுக்கிறதே கிடையாது.

நான் வேட்டி மடிப்புல இருந்து ஒண்ணை எடுத்து நீட்டினேன், பெருமையா வேற. மத்த ரெண்டு பேரும் கை தட்டினாங்க.

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி காலி, வேர்வை பட்டு ஓரமெல்லாம் நைஞ்சிருந்தது. அடுப்பைப் பத்தவச்சார். எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டார்.

ஏரியில சட்டி கழுவும்போதுதான் என்கிட்ட கேட்டார்.

"ஏலே, இதை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் ஷெட்டுக்கு வந்தியா?"

"ஆமா அண்ணாச்சி... மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பீடி..."

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அங்கன உங்கூட எத்தனை பொம்பளைக உக்காந்து வேலை பாக்காகலே?"

நான் சட்டியையே போட்டுத் தேய்ச்சேன். 

கம்பெனி திறந்த அன்னிக்கு நேரா மேனேஜர்கிட்ட போனார். "தெரிஞ்ச பயன்னு ஒருத்தன் இடுப்பைப் பாக்காம விட்டுட்டேன். ரெண்டு வருஷமா தீப்பெட்டியோட உள்ள போயிருக்கான். இனிமே கொண்டார மாட்டான், நான் பொறுப்பு. என்னைய கேட்ல இருந்து எடுத்துருங்க."

யாருன்னு எவ்வளவோ கேட்டாங்க. சொல்லல.

நான் ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். உள்ள போய் நான்தான்னு சொல்ல ரெண்டு எட்டு. அப்போதான் எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க... வேலை போயிடும்னு பயம். போகல.

அண்ணாச்சியை லேபிள் ஒட்டுற இடத்துக்கு மாத்தினாங்க. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அங்கேயேதான். என்னை ஒரு சொல் சொன்னதில்ல. என் கல்யாணப் பந்தியில ஓடி ஓடிப் பரிமாறினார்.

பீடியை விட்டேனான்னா, இல்ல. தீப்பெட்டியைத்தான் விட்டேன். பெட்டிக்கடையில நுனி கனிஞ்சு தொங்குற கயித்துல பத்தவச்சுக்குவேன்.

முருகேசா, நீ இதைப் படிப்ப. அப்பாவை ஏன் கேட்ல இருந்து எடுத்தாங்கன்னு ஒரு தடவை என்கிட்ட கேட்ட. திருடிட்டார்னு கூட ஊர்ல பேசிக்கிட்டாங்க. நான் "தெரியலையேப்பா"ன்னு சொன்னேன்.

தெரியும். என்னாலதான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கிறாங்க. கிளம்பிட்டேன்.

போயிட்டு வாங்க, அண்ணாச்சி.