டிரோனில் ஒட்டிய சிவப்பு விளக்கு

என் டிரோனுக்குச் சிவப்பு விளக்கு வாங்கியதைப் பதுளையில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது என் தொழில். பொழுது மங்கிய பிறகு டிரோனை மேலே அனுப்பினால் அது எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்த விளக்கு. விரல் நுனி அளவுதான் இருக்கும். டிரோனின் வயிற்றில் ஒட்டிக்கொள்ளலாம்; விட்டுவிட்டு மின்னும். வெகு தூரத்துக்குத் தெரியும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதை நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லித் திரிந்தேன்.

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கல்யாணம். மாதா கோவிலில் பூசை முடிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருந்த மைதானத்தில் விருந்து. ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சூரியன் இறங்கியதும் எல்லோரையும் மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனேன்.

"மலையைப் பார்த்து நில்லுங்க. டிரோன் பின்னாலயிருந்து கிளம்பி, உங்க தலைக்கு மேலால மலைப்பக்கம் போகும்" என்றேன்.

விசையைத் தள்ளினேன். டிரோனின் இரைச்சல் பாட்டில் அமுங்கிப்போனது. சற்று நேரத்தில் எதிர்மலையில் சிவப்பாக ஒன்று மின்னியது.

"அந்தா மின்னுதே, அதாங்களா தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"ஆமாங்க."

"அம்புட்டு தூரம் போயிருச்சா?"

"இன்னும் போகும்ங்க. இப்ப இடது பக்கம் திருப்புறேன், பாருங்க."

லேசாகத் திருப்பினேன். "ஆமா, திரும்புது" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எனக்கும் திரும்பியது போலத்தான் இருந்தது.

கிட்டே கொண்டுவரச் சொன்னார்கள். விளக்கு அசையவில்லை. அங்கே காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். டிரோன் காணும் காட்சி என் கையில் இருந்த போன் திரையில் தெரியும்; அதை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். பேச்சு மும்முரத்தில் அது தோன்றவில்லை. பார்த்தது மணப்பெண்.

"அண்ணே, இதுல நம்ம முதுகு தெரியுது."

"அது பழைய படம்மா" என்று யோசிக்காமல் சொன்னேன்.

அவள் வலது கையைத் தூக்கினாள். திரையிலும் வெள்ளை முக்காடு போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள்.

திரும்பிப் பார்த்தோம். எங்களுக்குப் பின்னால், பந்தலுக்குச் சற்று மேலே, டிரோன் இருட்டாக நின்றுகொண்டிருந்தது. முன்னே அனுப்பும் விசைக்குப் பதிலாக மேலே தூக்கும் விசையைத் தள்ளியிருக்கிறேன். சிவப்பு விளக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதை நான் போடவே இல்லை. எதிர்மலையில் மின்னியது டெலிபோன் டவர். காலையில் அதன் அடியிலுள்ள பாதையில்தான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தேன்.

டிரோனை இறக்கிப் பையில் வைக்கும்போது பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "பரவால்ல தம்பி. டவரையும் நல்லாத்தான் ஓட்டுனீங்க" என்றார். கிண்டலா ஆறுதலா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பகுதியை வெட்டிவிடத்தான் நினைத்தேன். மணப்பெண் போன் பண்ணி, அதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போட்டுப் பார்த்தேன். எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, நடுவில் நான் மலையை நோக்கிக் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருக்கிறேன். மணப்பெண் கையைத் தூக்குகிறாள். கூட்டம் மொத்தமாகத் திரும்பி, அண்ணாந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. நாள் முழுக்க "கொஞ்சம் சிரிங்க" என்று நான் கெஞ்சியும் வராத சிரிப்பு.

அவர்களுடைய கல்யாண வீடியோ இப்போது அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது.