கேட் வரைக்கும் ஓடிய பந்தயக் கார்

எங்கள் பெரியப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கடவுளுக்கு அடுத்தபடியாகக் கூப்பிடுவது அவரைத்தான். சில பேர் வரிசையை மாற்றியும் கூப்பிடுவார்கள். அவர் கை பட்ட லிஃப்ட் வழியில் நிற்காது என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய சொந்தக் கார் மட்டும் வீட்டு கேட்டைத் தாண்டியதில்லை. அதனால் தெருவில் அவருக்குப் பெயர் ‘கேட் வரை’. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்ற விசாரணைக்குள் நான் போக விரும்பவில்லை.

அது பந்தயக் கார். சிவப்பு. இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் சாப்பிடுவதற்கு முன்னால். கல்யாணமான புதிதில், “உன்னை இதுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்” என்று பெரியப்பா வாக்குக் கொடுத்தார். பெரியம்மா தலையைச் சீவிக்கொண்டு வந்து ஏறினார். கேட் பக்கத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். கார் நின்றது. பெரியம்மா இறங்கி உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

கோளாறு இதுதான். காரின் பின்பக்கத்தில் இருந்த பழைய என்ஜின் போதாது என்று பெரியப்பா அதைக் கழற்றி, ஒரு ராட்சச என்ஜினை வைத்துவிட்டார். என்ஜினின் பலத்தைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது ஆக்ஸில் என்னும் இரண்டு இரும்புத் தண்டுகள். என்ஜினை மாற்றியவர் தண்டுகளை மாற்றவில்லை. யானை உடம்பைக் கொக்குக் காலில் நிறுத்திய கதை. மிதித்தால் என்ஜின் உறுமும், கார் துள்ளும், கேட் அருகே தண்டு முறியும். அதே சைஸில் இன்னொன்று மாட்டுவார். அதுவும் முறியும். முறிந்ததையெல்லாம் பெரியம்மா ஷெட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்கு ஊன்றுகோலாக நட்டுவைத்தார். பந்தய அனுபவம் உள்ள தக்காளி எங்கள் வீட்டில் மட்டும்தான் காய்த்தது.

பெரியம்மா தையல்காரர். ஜன்னல் திரை, சோபா உறை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பார். தையல் மெஷின் இருந்ததோ குளியலறைக் கதவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில். யாராவது குளிக்க வந்தால் பாதித் திரையைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து வழிவிட வேண்டும். கார் மட்டும் ஷெட்டில் ராஜா மாதிரி கால் நீட்டிப் படுத்திருந்தது.

கடைசியாகத் தண்டு முறிந்த அன்று பெரியம்மா தோளில் திரையோடு வெளியே வந்தார்.

“இங்க பாருங்க. இன்னொரு தடவை அந்தக் கம்பி உடைஞ்சுதுன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்கு. ஷெட்டு எனக்கு.”

“கம்பின்னு சொல்லாத. ஆக்ஸில்.”

“தக்காளிக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

பெரியப்பா நேராக லேத் பட்டறை வைத்திருக்கும் தன் நண்பரிடம் ஓடினார். நண்பருக்கு ‘அவசரம்’ என்று பெயர். டீ ஆறட்டும் என்று காத்திருந்து, ஆறிய பிறகு சூடு பண்ணித் தரச் சொல்லும் ஆள். இருவரும் சேர்ந்து நல்ல எஃகில், தடிமனாக, புது ஆக்ஸில்கள் கடைந்தார்கள். கையில் தூக்கினால் தோள்பட்டை இறங்கும் கனம்.

ஆனால் புதுத் தண்டின் நுனியில் பற்கள் அதிகம். அது போய்ச் சேர வேண்டிய பல்சக்கரமோ பழைய அளவு. அந்தப் பல்சக்கரம் இருப்பது டிஃபரென்ஷியல் என்ற உருண்டைக்குள். ஆகவே பல்சக்கரத்தை மாற்ற உருண்டையையே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதைத் திருப்பி மாட்டும்போது எந்தப் பக்கம் இடது என்று தெரிய வேண்டுமே? பெரியம்மாவின் தையல் சாக்கட்டியைச் சுட்டுவந்து பெரியப்பா உருண்டையின் இடதுபக்கத்தில் ஒரு கோடு போட்டார். ‘அவசரம்’ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைச் சீக்கிரம் செய்தார். உருண்டையை மண்ணெண்ணெயில் முக்கி, பளபளவென்று கழுவிவிட்டார்.

காருக்கு அடியிலிருந்து பேச்சு கேட்டது.

“கோடு எங்கய்யா?”

“எந்தக் கோடு?”

“சரி விடு. இது இடது.”

“யாரோட இடது? நீ அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்க, நான் இந்தப் பக்கம் வச்சுப் படுத்திருக்கேன்.”

“எப்படி வச்சாலும் உக்காருதுல்ல?”

“சொகுசா உக்காருது.”

“அப்புறம் என்ன, மாட்டு!”

ஜாக்கியில் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரங்கள் அழகாகச் சுற்றின. எந்தத் திசையில் சுற்றுகின்றன என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தால் எப்படி ஒத்துப்போகும்? சுற்றுகிறதே, அது போதும் என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை சோதனை. பெரியம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார், ஷெட்டை அளக்க. பழைய இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியோடு ஆஜர், காரை அள்ள.

“ஐயா, சிரமப்படாதீங்க. அப்படியே விட்டா நானே எடுத்துக்கறேன்” என்றார் அவர்.

“வாய மூடுய்யா. முன்வச்ச காலைப் பின்வைக்கிற ஆள் இல்ல நான்” என்று பெரியப்பா ஹெல்மெட்டை மாட்டினார். கொக்கியை மூன்றாவது முயற்சியில்தான் போட முடிந்தது.

கார் ஷெட்டுக்குள் தெருவைப் பார்த்து நின்றது. நாங்கள் எல்லோரும் கேட் அருகே, காதைப் பொத்திக்கொண்டு, ‘டங்’குக்காகக் காத்திருந்தோம். பெரியப்பா முதல் கியரைப் போட்டார். மிதித்தார்.

கார் கேட்டுக்கு வரவில்லை. விர்ரென்று பின்னால் போயிற்று. ஷெட்டின் பின்பக்கத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப்புறம் காணாமல் போயிற்று. தகரம் கிழிந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டி அளவுக்கு வானம் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். கார் தக்காளிப் பாத்தியில் நின்றது. நிறுத்தியது பிரேக் இல்லை, பழைய ஆக்ஸில்கள். முறிந்த தண்டுகள் எல்லாம் ஒன்றுகூடிப் பின்பம்பரைத் தாங்கிப் பிடித்திருந்தன. ஹெல்மெட்டில் ஒரு தக்காளி வழிய, பெரியப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடி பட்டுச்சாங்க?” என்றார் பெரியம்மா. அதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

“ஆக்ஸிலுக்கா?”

“உங்களுக்குங்க!”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஆக்ஸிலப் பாக்கச் சொல்லு.”

‘அவசரம்’ அடியில் நுழைந்தார். அவர் நிதானத்தை அன்றைக்கு யாராலும் தாங்க முடியவில்லை. கடைசியில் குரல் வந்தது: “கீறல் கூட இல்ல! உருண்டையத்தான் இடம் வலமா மாத்தி மாட்டியிருக்கோம், சக்கரம் தலைகீழா சுத்துது. இப்ப இதுக்கு முன்னாடி போக ஒரே ஒரு கியர். பின்னாடி போக நாலு.”

“லிஃப்டா இருந்தா ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா சரியாயிடும்” என்று முனகினார் பெரியப்பா.

இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியை முன்னால் நகர்த்தினார். “அம்மா, செவுரே போச்சு. இதுக்கு மேல என்ன உடையணும்?”

“நான் சொன்னது கம்பியை. கம்பி உடையல. பேச்சுன்னா பேச்சு” என்றார் பெரியம்மா. ஷெட்டுக்குள் போய், தகரம் கிழிந்த வழியாக விழுந்த வெளிச்சத்தில் நின்று, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோர்த்துப் பார்த்தார். “மெஷினை இங்க போட்டா பட்டப்பகல்ல லைட் போட வேண்டாம். வண்டி ஒரு ஓரமா நிக்கட்டும்.” பிறகு திரும்பி, “அந்த ஒரு கியர் கேட்டைத் தாண்டுமா?” என்றார்.

“ரிவர்ஸ் போட்டா தாண்டும்” என்றார் பெரியப்பா, மெல்ல.

பெரியம்மா உள்ளே போனார். தலையைச் சீவிக்கொண்டு வந்தார்.

சீட் பெல்ட்டை அவருக்கு மாட்டிவிட ‘அவசரம்’ போதாமல் கடைக்காரரும் கைகொடுத்தார். “என்னங்க இது, பார்சல் கட்டுற மாதிரி!” என்று பெரியம்மா கத்த, கார் ரிவர்ஸ் கியரில், நத்தை வேகத்தில், முன்னோக்கி உறுமிக்கொண்டு தகர ஓட்டை வழியாக ஷெட்டுக்குள் வந்து, முற்றத்தைக் கடந்தது. நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். தாண்டியது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போனார். பெரியப்பா அவருக்குக் கையசைத்தார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

தெருமுனை வரை போய் நின்றார்கள். திரும்பத் தோதில்லாத குறுகல் தெரு. பெரியம்மாவின் குரல் அங்கிருந்தும் தெளிவாகக் கேட்டது.

“ஏங்க, பின்னாடி போக நாலு கியர் இருக்குன்னுதானே சொன்னாரு? போடுங்க பாக்கலாம்!”

என்ஜின் உறுமியது. சிவப்பு வாலைக் காட்டியபடி கார் எங்களை நோக்கிக் கிளம்பியது. நான் கேட்டின் இன்னொரு கதவையும் திறந்து வைத்தேன்.